முகாமில் வாசித்த பெயர்

பல்கலைக்கழகத்தில் முதல் மதிப்பெண் வாங்குகிற பிள்ளைகளுக்கு ஊர் உலகமும் கொஞ்சம் தெரிய வேண்டும் என்று யாரோ பெரியவர்கள் முடிவெடுத்தார்கள். அதன் பலன், எழுபத்தெட்டு முதல் ஒவ்வொரு கிறிஸ்துமஸ் லீவுக்கும் பனவடலிசத்திரத்தில் பத்து நாள் முகாம். ஒருநாள் சங்கரன்கோவிலுக்குப் போய்க் கோயிலையும் தறிக்கூடத்தையும் பார்ப்பார்கள். மற்ற நாட்களில் தெருவில் சாக்கடை வெட்டி, உள்ளங்கை கொப்பளித்து, வீடு வீடாகக் கணக்கெடுப்பார்கள். ஒரே பதிலை வருஷா வருஷம் எழுதிக்கொண்டு போவதில் அவர்களுக்கு அலுப்பே வராது.

பருத்திக்காட்டு வேலைக்குப் போகும் மாடத்திக்கும் அது பழகிவிட்டது. எண்பதில் வந்தவர்கள் அவளுடைய மூன்று பிள்ளைகளையும் பெயரோடு எழுதிக்கொண்டார்கள். அடுத்த ஐப்பசியில் கடைக்குட்டி சங்கரலிங்கம் காய்ச்சலில் போய்விட்டான். ஐந்து வயது. மாடத்தி அழவில்லை. அழுகை வரவில்லை, அவ்வளவுதான். எட்டாம் நாள் பருத்தி எடுக்கப் போனாள். கல்நெஞ்சுக்காரி என்று ஊர் பேசியது. அதுவும் அவள் மனதில் ஏறவில்லை. புருஷன் உச்சிமாகாளி அந்தப் பெயரை எடுப்பதையே விட்டுவிட்டான்.

அந்த வருஷ முகாமில் செல்வமணி என்ற மாணவி பழைய தாளோடு வந்தாள். பெயர்களை வாசித்துச் சரிபார்த்துக்கொண்டே வந்தவள், "சங்கரலிங்கம்?" என்று கேட்டாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு வாய் அந்தப் பெயரைச் சொல்லுகிறது. செல்வமணியின் பேனா திறந்திருந்தது. உள்ளதைச் சொன்னால் பெயரை அடித்துவிடுவாள். அப்புறம் தாளிலும் இருக்க மாட்டான்.

"இருக்கான். வெளையாடப் போயிருக்கான். ஆறு வயசு நடக்கு," என்றாள் மாடத்தி.

செல்வமணி எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். பொய் சொன்ன உறுத்தல்கூட மாடத்திக்கு இல்லை.

கடைசி நாள் பள்ளிக்கூட மைதானத்தில் நிறைவு விழா. தாளில் இருந்த பிள்ளைகளுக்கெல்லாம் சிலேட்டு கொடுத்தார்கள். செல்வமணி மைக்கில் பெயர் வாசித்தாள். மாடத்தியின் மூத்த பிள்ளைகள் இரண்டும் போய் வாங்கி வந்தன. அடுத்து சங்கரலிங்கம் என்றாள். கூட்டத்தின் கண்கள் மாடத்தி மேல் விழுந்தன. உச்சிமாகாளி தலையைக் குனிந்துகொண்டான். விவரம் தெரியாத செல்வமணி இன்னும் சத்தமாகக் கூப்பிட்டாள்.

மாடத்தி தன் பக்கத்தில் இருந்த வெறுந்தரையைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏலே, கூப்பிடுதாவல்லா. எந்திரிச்சுப் போயேம்ல," என்றாள்.