முனியாண்டி காவலில் எங்கள் சிவப்புக் கார்

டயரில் நசுங்கிய எலுமிச்சம்பழம், சூடப் புகை, கூடவே லேசாகப் பெட்ரோல்... இந்த மூன்று வாசமும் கலந்து வந்தால் எனக்கு இன்றைக்கும் அந்த மழைச் சாயங்காலம்தான் ஞாபகம் வரும்.

ஹல்துமுல்லைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்துக்குக் கார் ஏறாது, படிக்கட்டு மட்டும்தான். அதனால் என் வீட்டுக்காரர் வாங்கிய பழைய சிவப்புக் காரைக் கீழே ரோட்டோரத்தில், கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்துக்குப் பக்கத்தில்தான் விட வேண்டும். வாசலில் நின்று எட்டிப் பார்த்தாலும் தெரியாது.

பவுசுக்கு வாங்கிய கார் இல்லைங்க அது. எங்கள் மகள் தரணிக்கு வீசிங். இழுக்க ஆரம்பித்தால் உதடு நீலம் பாரித்துவிடும். ஒரு தடவை பஸ்சும் இல்லாமல் ஆட்டோவும் கிடைக்காமல் அவளைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் ஓடியிருக்கிறேன். அதற்குப் பிறகுதான் என் நகையெல்லாம் போய், இந்தக் கார் வந்தது.

அது பெட்ரோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற காலம். தோட்டத்தின் பக்கத்து டிவிஷனில் நிறுத்தியிருந்த ஒரு வேனில் டியூப் போட்டுப் பெட்ரோலை உறிஞ்சிவிட்டார்கள். ஒரு லொறியில் பேட்டரியையே காணோம். கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கார் போனால் பிள்ளையின் மூச்சும் போன மாதிரிதான் என்று நினைத்தேன்.

ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால், கதவில் ஆணியால் நீளமாக ஒரு கீறல். அழுதே விட்டேன்.

"செல்லமுத்து வேலதான் இது. கல்யாணத்துக்குப் போக காரக் கேட்டான், நான் குடுக்கல. அந்தக் கடுப்பு," என்றார் இவர்.

செல்லமுத்து எங்கள் லயத்தில் கடைசி வீட்டுக்காரர். அவர் கீறியதைப் பார்த்தவர் யாரும் இல்லை. ஆனாலும் அன்றிலிருந்து அவர் காருக்குக் கிட்டே நடந்தாலே நான் பின்னாடியே போய்க் கதவைப் பார்த்துவிட்டு வருவேன்.

ஸ்டியரிங்கில் சங்கிலி போட்டோம். டயருக்குக் கல் வைத்தோம். அதுவும் போதாதென்று இவர் காரைக் கொண்டுபோய் ரோட்டோர முனியாண்டி மரத்தடியில் நிறுத்தினார். சகதியான இடம்தான். சூலத்துக்குப் பக்கத்தில் கார், பானெட்டில் விபூதி, கண்ணாடியில் சிவப்புத் துணி, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம். கொழுந்து நிறுக்க எல்லாரும் கூடியிருந்த நேரம் பார்த்துச் சூடம் கொளுத்திச் சத்தமாக வேண்டிக்கொண்டார்.

"முனியாண்டி அப்பா! இனிமே இது ஓங் காரு. என் கையும் என் பொண்டாட்டி கையும் தவிர எவன் கை பட்டாலும் அந்தக் கைய நீயே பாத்துக்க!"

முனிக்கு விட்டதை எங்கள் ஊரில் யார் தொடுவார்கள்? மறுநாளே ஜனங்கள் காரை விட்டு ஒதுங்கிச் சுற்றுவழியாக நடந்தார்கள். இவருக்கு அப்போதும் மனசு ஆறவில்லை. உள்ளே ஆள் இருக்கிற மாதிரி தெரியட்டும் என்று காருக்குள் லைட்டை விடிய விடிய எரியவிட்டார் மனிதர்.

ரெண்டு மூன்று நாள் நிம்மதியாகத் தூங்கினேன்... அந்த மழை வரும் வரைக்கும்.

சாயங்காலம். மலையெல்லாம் பனி மூடியிருந்தது. தரணிக்கு இழுக்க ஆரம்பித்தது. இன்ஹேலர் அடித்தும் நிற்கவில்லை. ஆம்புலன்சுக்கு போன் போட்டால், வேறு இடத்துக்குப் போயிருக்கிறது, வர நேரமாகும் என்றார்கள். பிள்ளையை அள்ளிக்கொண்டு படியில் ஓடினோம். முன் சீட்டில் உட்கார வைத்து இவர் சாவியைத் திருப்பினால்...

டக். டக். அவ்வளவுதான். லைட் எரிந்து எரிந்து பேட்டரி செத்திருந்தது.

"தள்ளு புள்ள! ரோட்டுல ஏறிட்டா பள்ளத்துல உருட்டி ஸ்டார்ட் பண்ணிரலாம்!"

தள்ளினேன். சகதியில் என் கால்தான் வழுக்கியது, கார் அசையவில்லை. மடுவத்தில் அத்தனை பேர் நின்றார்கள். ஓடி வருவார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். ஒருத்தரும் நகரவில்லை.

"ஐயோ, ஒரு கை குடுங்களேன்! புள்ளைக்கு மூச்சு நிக்கப் போவுது!"

"எப்பிடிக்கா தொடுறது?" என்றாள் ஒருத்தி, அழுதுகொண்டே. "எனக்கும் புள்ளைங்க இருக்கே. அண்ணன்தானே அன்னைக்கு வாய்விட்டுச் சொன்னாரு..."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தரணியின் தோள் ஏறி ஏறி இறங்கியது. அந்த மாதிரி நான் பயந்ததே இல்லை. இவர் ஜன்னலில் தலையை நீட்டி, "சாமி, சொன்னத வாபஸ் வாங்கிக்கிறேன்!" என்று கத்துகிறார். அப்போதும் யாரும் கிட்டே வரவில்லை.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவர் வந்தார். செல்லமுத்து. சாரத்தை மடித்துக் கட்டினார். முனியாண்டி பக்கம் திரும்பி ஒரு கும்பிடு.

"குத்தம்னா என் தலையில போடு சாமி. புள்ளய விட்டுரு."

இரண்டு கையையும் காரில் ஊன்றினார். "தங்கச்சி, நீங்க அந்தப் பக்கம் புடிங்க. ம்... தள்ளு!"

அழுதவள்தான் அடுத்து ஓடி வந்தாள். பிறகு இன்னும் இரண்டு பேர். பிறகு மொத்த மடுவமும். எலுமிச்சம்பழம் நசுங்கி, கார் ரோட்டில் ஏறி, சரிவில் உருண்டு, ஒரு குலுக்குக் குலுக்கி ஸ்டார்ட் ஆனது. ஓடிப்போய் ஏறிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் மருந்துப் புகை வைத்து, அவளுக்கு மூச்சு சீரான பிறகுதான் வெளியே வந்து காரைப் பார்த்தேன். பின்பக்கம் முழுக்கச் சேற்றுக் கைகள். கழுவ மனசே வரவில்லை.

அந்தக் கீறலைப் பற்றி நாங்கள் யாரையும் கேட்கவில்லை. ஆனால் ரொம்ப நாளைக்குக் காலையில் படியிறங்கி ரோட்டுக்கு வந்ததும் நான் முதலில் தேடியது காரை இல்லை. செல்லமுத்து அண்ணனின் கையைத்தான். ஒன்றும் ஆகவில்லையே என்று...

இப்போது பதுளையில் இருக்கிறோம். வேறு கார். அலாரம், கேமரா எல்லாம் உண்டு. போன வாரம் பஜாரில் நிறுத்தியிருந்தபோது அலாரம் தொண்டை கிழியக் கத்தியது. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு என்னவோ அந்தப் பழைய பயம் திரும்பி வந்தது.

காருக்குள் உட்கார்ந்து செல்லமுத்து அண்ணனுக்கு போன் போட்டேன்.

"அண்ணே, கை நல்லாயிருக்கா?"

எப்போது பேசினாலும் நான் கேட்பதுதான். அவர் சிரித்தார்.

"ரெண்டும் இருக்கு தங்கச்சி. என்ன, காரு தள்ளணுமா?"