நீர்மாலைக்கு வந்த கேன் தண்ணீர்

சில வருடங்களுக்கு முன், திருச்சுழிப் பக்கம் ஒரு சின்ன ஊராட்சிக்கு நான் தலைவராக இருந்தபோது நடந்தது இது. சித்திரை வெயிலில் ஊருக்கே தண்ணீர் தந்த ஒரே போர்வெல் மோட்டார் எரிந்துபோனது.

புது மோட்டார் வாங்கப் பணம் இருந்தது. வாங்கத்தான் விடவில்லை! மூன்று கடையில் விலைப்புள்ளி வேண்டும். பொருளை வாங்குபவர், சரிபார்ப்பவர், பணத்துக்கு ஒப்புதல் தருபவர் என்று மூன்று பேர் தனித்தனியாக வேண்டும் என்றார் மேலதிகாரி. பெரிய மாநகராட்சிக்கும் இதே விதிதானாம். எங்களுக்கு இருந்ததோ ஒரே ஒரு செயலர். "நான் என்ன மூணு தலையோடயா பொறந்திருக்கேன், தலைவரம்மா?" என்று அவர் தலையிலடித்துக்கொண்டார். பக்கத்து ஊர்ச் செயலர்களைச் சேர்த்துக்கொள்ள அனுமதி கேட்டு எழுதினோம். பதிலே இல்லை.

அந்த வாரம் ஊரில் ஒரு பெரியவர் இறந்துபோனார். பிணத்தைக் குளிப்பாட்ட, உறவுக்காரர்கள் மேளத்தோடு போய்க் குடத்தில் நீர்மாலை எடுத்து வருவது எங்கள் வழக்கம். கிணறெல்லாம் வற்றிவிட்டதால் தெருக்குழாயில்தான் எடுப்போம். குழாயில் காற்றுகூட வரவில்லை. விலைக்கு வரும் டிராக்டர் தண்ணீரும் அன்று வரவில்லை. கடையில் கேன் தண்ணீர் வாங்கிக் குடத்தில் ஊற்றினார்கள். இறந்தவரின் மகள் என்னைப் பார்த்து, "எங்கய்யாவும் ஓட்டுப் போட்டுத்தான ஒன்னய ஒக்கார வச்சாக? கடைசிக் குளிப்புக்கு ஒரு கொடம் தண்ணி இல்லையாத்தா?" என்றாள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

விதியாவது மண்ணாவது என்று மறுநாள் காலையிலேயே பக்கத்திலிருக்கும் வீரசோழனுக்குப் பஸ் ஏறினேன். மோட்டார் கடை பாய் நடந்ததைக் கேட்டுவிட்டு, "நாங்களும் மய்யித்தக் குளிப்பாட்டாம அடக்க மாட்டோம்மா. மோட்டார ஏத்திட்டுப் போங்க, காசு பெறகு வரட்டும்" என்றார். மெக்கானிக்கையும் கூடவே அனுப்பினார். பொழுது சாய்வதற்குள் குழாயில் தண்ணீர் கொட்டியது. நானும் துணைத்தலைவரும் கையெழுத்துப் போட்டுக் கடை பாய்க்குப் பணத்தைக் கொடுத்துவிட்டோம்.

பிறகு தணிக்கைக்கு வந்தவர், "முறைப்படி வாங்காம அப்படி என்ன அவசரம்? அதுக்கு ஆதாரம் எங்கம்மா?" என்று கேட்டார். எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது.

"ஆதாரத்த அன்னைக்கே சுடுகாட்டுல எரிச்சுட்டோம் சார்!"

ஆனாலும் அவர் ஆட்சேபணை எழுதிவிட்டுத்தான் போனார்.

கணக்கே கேட்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. விரலுக்கேத்த வீக்கம் என்பார்களே, ஒற்றைச் செயலர் இருக்கிற ஊருக்கு அதற்குத் தக்க விதி போடக்கூடாதா? அந்த ஆட்சேபணை இன்னும் தீரவில்லை, என் கோபமும் தீரவில்லை. வாழ்ந்து முடித்த ஒரு மனிதருக்கு ஒரு குடம் தண்ணீர் தராத விதியை மீறியதற்காக மட்டும் நான் ஒருநாளும் தலைகுனிய மாட்டேன்.