இரண்டு பேணித் தண்ணீர்

நான்காம் வருடம் என்று ஒன்று எனக்கு இருந்திருக்க வேண்டும். அது கைநழுவிப் போனதை நினைக்காமல் ஒரு வைகாசி மாதத்தைக்கூட நான் கடந்ததில்லை. வயது போனால் ஆசைகள் அடங்கிவிடும் என்கிறார்கள். எனக்கு அடங்கவில்லை.

அறுபதுகளின் தொடக்கம் அது. கொழும்பில் விஞ்ஞானம் படித்த எங்களுக்கு மூன்று வருடத்தில் பொதுப் பட்டம் கிடைத்துவிடும். சிலரை மட்டும் இரண்டாம் வருட முடிவில் பொறுக்கியெடுத்து, இன்னொரு வருடம் கூட வைத்துச் சிறப்புப் பட்டத்துக்குப் படிப்பிப்பார்கள். அப்படிப் படித்தவர்களுக்குத்தான் ஆராய்ச்சிக் கதவு திறக்கும். எங்கள் வகுப்பில் எஞ்சியிருந்தது ஒரே ஓர் இடம். அதற்கு நானும் கொழும்பைச் சேர்ந்த ஒரு பையனும் போட்டி. பரீட்சைப் புள்ளிகளில் எங்களுக்குள் மயிரிழைதான் வித்தியாசம். அதனால் வைகாசியில் தொடங்கும் நீண்ட விடுமுறையில் ஆளுக்கொரு ஆராய்ச்சி வேலை தருவதாகவும், அதைப் பார்த்து முடிவு சொல்வதாகவும் விரிவுரையாளர் சொன்னார்.

அந்தப் பையனுக்கு ஆய்வுகூடத்திலேயே வேலை கிடைத்தது. விடுமுறைக்குப் பெண்கள் விடுதியை மூடிவிடுவார்கள் என்பதால் நான் வீட்டுக்குத்தான் போக வேண்டும். வீடு எங்கே என்று விரிவுரையாளர் கேட்டார். இரணைமடுக் குளத்துக்குக் கீழே, குடியேற்றத் திட்டத்தில் என்றேன். அவ்வளவு பெரிய குளத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆய்வுகூடத்தைத் தேடுவானேன் என்று அவர் சிரித்தார். வெயிலும் காற்றும் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீரைக் குடித்துவிடுகின்றன என்று நான் அளக்க வேண்டும். இரண்டடி அகலமான ஒரு தகரத் தொட்டி, அதற்குள் ஓர் அளவுகோல். தினமும் காலை ஆறு மணிக்கு, நீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அங்குலத்தில் நூறில் ஒரு பங்குவரை பார்த்து எழுதிவிட்டு, மறுபடி அடையாளக் கோடுவரை நிரப்பிவிட வேண்டும். நாற்பத்திரண்டு நாள், ஒரு நாளும் விடாமல். சின்னப் பிள்ளையும் செய்யும் வேலை என்றுதான் நினைத்தேன்.

தொட்டியோடு ரயிலில் வந்த கதையைச் சொன்னால் இன்றும் சிரிப்பார்கள். அநுராதபுரம் வரை ஓர் அம்மா அதைக் கலியாண வீட்டுப் பாயாசத்துக்கு என்று நினைத்துக்கொண்டு, மாப்பிள்ளை என்ன உத்தியோகம் என்று விசாரித்துக்கொண்டே வந்தா. தண்ணீர் காய்வதைப் பார்க்கத்தான் என்று விளக்கியதும் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு வாழைப்பழம் ஒன்று தந்தா.

என் தகப்பனாரை நாங்கள் ஐயா என்போம். எனக்கு எட்டு வயதில் எங்களை யாழ்ப்பாணத்திலிருந்து லொறியில் ஏற்றி வந்து, கிடைத்த மூன்று ஏக்கரிலும் காடு வெட்டி வயலாக்கியவர். கையெழுத்து வைக்க மட்டும் தெரியும். தொட்டியைக் கண்டதும் எதற்கு என்று கேட்கவில்லை. பல்கலைக்கழகத்துத் தொட்டி என்றால் அது பெரிய விஷயம் அவருக்கு. நிழல் விழாத இடம் வேண்டும் என்று நான் சொன்னதும், முற்றத்து ஓரத்தில் நிலத்தை மட்டப்படுத்தி, மாடு வராமல் முள்வேலி அடைத்து, காகம் குடிக்காமல் மேலே கோழிக் கம்பிவலையும் போட்டுத் தந்தார். மற்றப் பிள்ளைகள் லீவில் வந்தால் தலைமுழுகிச் சாப்பிட்டு நித்திரை கொள்ளும், இவள் தொட்டிக்குக் காவல் இருக்கிறாள் என்று அம்மா சமைத்துக்கொண்டே குசினியிலிருந்து பகிடி பண்ணுவா.

முதல் ஐந்து நாளும் அளவுகள் அச்சடித்தாற்போல வந்தன. இருபத்தேழு, இருபத்தெட்டு, இருபத்தெட்டு, இருபத்தேழு, இருபத்தொன்பது. சோழகக் காற்று தொடங்கியிருந்தது. விடியும் வேளையில் அணைக்கட்டுப் பக்கமிருந்து நீர்க்காகங்கள் வரிசையாகப் பறந்து போகும். குனிந்து அளவுகோலின் கோட்டைப் பார்த்துக் கொப்பியில் ஓர் எண்ணை எழுதும்போது, உலகத்தில் இதுவரை யாருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்துவிட்டது என்று நெஞ்சு பொங்கும். அவ்வளவு சந்தோஷம் அதற்குப் பிறகு எனக்கு எதிலும் கிடைக்கவில்லை. கலியாணத்தில்கூடக் கிடைக்கவில்லை என்று சொன்னால் வீட்டில் கோபிப்பார்கள், ஆனாலும் உண்மை அதுதான்.

ஆறாம் நாள் பதினாறு என்று வந்தது. கண் பிழைத்ததோ என்று மறுபடி பார்த்தேன். பதினாறேதான். அடுத்த நாள் பதினைந்து. ஒரு நாள் திடீரென்று இருபத்தெட்டு, மறுநாள் மீண்டும் பதினேழு. வெயிலிலும் காற்றிலும் ஒரு மாற்றமும் இல்லை. தொட்டி ஒழுகினால் அளவு கூட வேண்டுமே தவிரக் குறையக் கூடாது. பனியோ என்று பார்த்தால், அந்த வெயில் காய்ச்சலில் பனிக்கு எங்கே போவது? பிறகு நான்கு நாள் தொடர்ந்து இருபத்தெட்டுப் பக்கம் நின்றது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். ஐந்தாம் நாள் பதினாறு.

விரிவுரையாளருக்குக் கடிதம் எழுதினேன். ஒழுங்கில்லாத அளவுகள் அநேகமாக ஒழுங்கில்லாமல் அளப்பவரிடமிருந்தே வரும் என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் அந்த வரியைப் படித்து எனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. அந்தப் பையன் ஆய்வுகூடத்தில் விசிறிக்குக் கீழே இருந்து ஒழுங்காக அளந்துகொண்டிருப்பான் என்று நினைத்து நினைத்துக் கொப்பியைத் திரும்பத் திரும்பப் புரட்டினேன்.

இருபத்துநான்காம் நாள் முழுக்க மணிக்கொரு தடவை அளப்பதென்று முடிவு செய்தேன். குசினி வாசலில் இருந்தால் தொட்டி நேரே தெரியும். பின்னேரம் நான்கு மணியிருக்கும். ஐயா வயலால் வந்து கிணற்றடியில் கால் கழுவினார். கிணற்றுக் கட்டில் இருந்த பித்தளைப் பேணியில் தண்ணீர் அள்ளினார். குடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் வேலிப் படலையைத் திறந்து, கம்பிவலையைத் தூக்கி, ஒரு துளியும் தெறிக்காமல் தொட்டி ஓரமாகப் பக்குவமாக ஊற்றினார். திரும்பிப் போய் இன்னொரு பேணி அள்ளி வந்து அதையும் ஊற்றினார். வலையை மூடிவிட்டுத் திரும்பும்போது நான் எதிரே வந்து நின்றேன்.

கையும் களவுமாகப் பிடிபட்ட பிள்ளைபோலச் சிரித்தார்.

"தண்ணி குறையுதெண்டு காலமையிலை உன்ரை முகம் சுருங்கிப்போகுது பிள்ளை. பாக்க ஏலாமல் இருந்துது. நீயும் ஒவ்வொரு நாளும் ஊத்தி நிரப்புறாய்தானே? கொஞ்சம் நானும் விட்டால் உனக்கு மாக்ஸ் குறையாதெண்டுதான்..."

முகம் சுருங்கியது கவலையால் இல்லை. அளவுகோலின் சின்னக் கோடுகளைப் பார்க்க நான் கண்ணைச் சுருக்குவேன். எனக்குக் கண்ணாடி தேவை என்பது அடுத்த வருடம்தான் தெரியவந்தது. ஆனால் ஐயாவின் கணக்கு வேறு. வரம்பு சரியாகக் கட்டத் தெரிந்தவனின் வயலில் தண்ணீர் இறங்காது, இறங்கினால் அவன் கமக்காரன் இல்லை. குளத்து நீர் வற்றிக்கொண்டு போகிற சிறுபோகக் காலத்தில் எங்கள் பக்கத்தில் வேறு பேச்சே இருக்காது. மகளுக்குப் பல்கலைக்கழகம் தண்ணீரைத் தந்து, காப்பாற்றிக் காட்டு என்று சோதிக்கிறது என்றே அவர் விளங்கிக்கொண்டிருக்கிறார்.

இதையெல்லாம் இன்று ஆறுதலாக எழுதுகிறேன். அன்று கண்மண் தெரியாமல் கத்தினேன். என் படிப்பை நாசமாக்கிப்போட்டீர்கள் என்றேன். அக்கம்பக்கத்துக்குக் கேட்கும் என்று அம்மா ஓடிவந்து கையைப் பிடித்தா. அதையும் உதறிவிட்டு, ஒருபோதும் சொல்லியிருக்கக் கூடாத ஒன்றைச் சொன்னேன்.

"ஒரு எழுத்துத் தெரியாத நீங்கள் என்னத்துக்கு இதிலை கை வைச்சனீங்கள்?"

ஐயா பேணியைக் கிணற்றுக் கட்டில் கவிழ்த்து வைத்துவிட்டு வயலுக்குத் திரும்பிப் போனார். அம்மா அவருக்கு ஊற்றி வைத்திருந்த தேத்தண்ணி ஆறிப்போய் அப்படியே இருந்தது.

மிச்சம் பதினெட்டு நாளும் அளவுகள் சுத்தமாக வந்தன. அந்தப் பதினெட்டு நாளும் நான் ஐயாவோடு கதைக்கவில்லை. அவர் முற்றத்தின் மற்றப் பக்கத்தால் சுற்றிப் போய் வருவார். நான் கொழும்புக்குப் புறப்பட்ட நாளில் தொட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு பஸ் வரும் சந்தி வரை முன்னால் நடந்தார். பஸ் எடுக்கும்போது யன்னலுக்குக் கீழே வந்து நின்றார். நான் நேரே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விரிவுரையாளர் அறிக்கையைப் பொறுமையாகப் படித்தார். நடந்ததை மறைக்காமல் எழுதியிருந்தேன். அவர் சிரிக்கவில்லை, கோபிக்கவுமில்லை. பதினெட்டு நாள் போதாதே என்று கவலைப்பட்டார். பிறகு, உன் தகப்பனார் எந்தெந்த நாளில் எவ்வளவு ஊற்றினார் என்று தெரிந்தால் அதைக் கணக்கில் சேர்த்துச் சரிப்படுத்திவிடலாம், முழு வேலையும் தப்பிவிடும், அவருக்கு எழுதிக் கேட்கிறாயா, ஒரு வாரம் பொறுக்கிறேன் என்றார்.

அதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்காது, படிப்பறிவில்லாதவர் என்று நான் பதில் சொன்னேன். யோசித்துக்கூடப் பார்க்கவில்லை. அந்த இடம் பையனுக்குப் போனது. அவன் பிறகு கேம்பிரிட்ஜ் போனான் என்று கேள்வி.

மூன்று வருடத்தோடு பட்டத்தை வாங்கிக்கொண்டு வந்து வவுனியாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தேன். ஐயாவோடு கதை பேச்சு பழையபடி வந்துவிட்டது. தொட்டிக் கதையை மட்டும் இருவரும் எடுக்க மாட்டோம். ஐந்து வருடம் அப்படியே போனது. ஒரு லீவுக்கு வீட்டில் நின்றபோது மழை பிந்திவிட்டது, குளம் அடி தெரியக் கிடந்தது. வாய்க்காலைப் பூட்டப்போகிறார்களாம் என்று ஐயா கவலைப்பட்டார். இவரைப் பேணியோடு குளத்துக்கு அனுப்பினால் ஒரு கிழமையில் நிரப்பிப்போடுவார் என்று அம்மா சொன்னா. நான் சிரித்துவிட்டேன். நான் சிரித்ததைப் பார்த்து ஐயாவும் சிரித்தார்.

"நான் கனக்க விடேல்லை. நாளுக்கு ரெண்டு பேணி மட்டும்தான்," என்றார். "வெள்ளிக்கிழமையிலை விடேல்லை. வயலாலை நேரை கோயிலுக்குப் போறனான். வாய்க்கால் திருத்தின நாலு நாளும் வரப் பிந்திப்போச்சு, அதுவும் விடேல்லை."

நான் எழும்பி அறைக்குள் போய் அலுமாரியின் அடித்தட்டிலிருந்து அந்தக் கொப்பியை எடுத்து வந்தேன். அதில் நான் திகதி மட்டும்தான் போட்டிருந்தேன், என்ன கிழமை என்று போடவில்லை. விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். இருபத்தெட்டு வந்த தனி நாட்கள் எல்லாம் சனிக்கிழமைக் காலைகள். ஏழு நாளுக்கு ஒருமுறை தவறாமல் வந்து நின்றிருக்கின்றன. கணிதம் படித்தவள் நான். வெயிலைப் பார்த்தேன், காற்றைப் பார்த்தேன், தகரத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். என் வீட்டு வெள்ளிக்கிழமை எனக்குத் தெரியவில்லை.

அதே பேணியைக் கிணற்றடியிலிருந்து கொண்டுவந்து அதன் கொள்ளளவை அளந்து தொட்டியின் அகலத்துக்குக் கணக்குப் போட்டேன். ஒரு பேணிக்கு ஆறு, இரண்டுக்குப் பன்னிரண்டு. பதினாறோடு பன்னிரண்டு, இருபத்தெட்டு. பதினைந்தோடு பன்னிரண்டு, இருபத்தேழு. ஒரு நாள்கூட விலகவில்லை. நாற்பத்திரண்டு நாளும் ஒரே கோட்டில் வந்து நின்றன. ஐயா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்து, தனக்கு வாசிக்கத் தெரியாத எண்களை நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் ஐயா அப்ப சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"நீ கேக்கேல்லையே, பிள்ளை." குறையாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார்.

அவர் கொப்பியைக் காட்டி, எல்லாம் சரியாக வந்துவிட்டதா என்று கேட்டார். சரி ஐயா, எல்லாம் சரி என்றேன்.

"அப்ப இனிக் கொண்டுபோய்க் குடுத்தால் எடுப்பினமோ?"

தலையை அசைத்தேன். ஓம் என்று அசைத்தேனா இல்லை என்று அசைத்தேனா என்பது எனக்கே தெரியாது. அவர் அதை ஓம் என்றுதான் எடுத்துக்கொண்டார். விடிய முதல் ரயிலுக்குத் தானே ஸ்டேஷனில் கொண்டுபோய் விடுவதாகச் சொல்லிவிட்டு, சைக்கிளுக்குக் காற்றுப் போதுமோ என்று பார்க்க எழுந்து போனார்.