எண்ணெயில் பார்க்க வேண்டிய முகம்

பூனை குறுக்கே போனால் பயணத்தைத் தள்ளிப்போடுகிறவர்களை, சென்ற வாரம் இதே பக்கத்தில் ஒரு பிடி பிடித்திருந்தேன். படித்திருப்பீர்கள். அந்த இதழ் கடைக்கு வந்த அன்று நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? பாப்பாரப்பட்டியில் எங்கள் வீட்டு முன்னறையில், உள்ளறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கயிறு இழுத்துக்கொண்டிருந்தேன்.

கயிற்றின் மறுமுனை தூளியில். தூளிக்குள் என் தங்கை பெற்ற பையன். ஆமாம், நான் மாமா ஆகிவிட்டேன்! ஆனால் மருமகன் முகத்தை மட்டும் பார்க்கக் கூடாது. தொப்புள்கொடி கழுத்தில் மாலையாகச் சுற்றிப் பிறந்துவிட்டான். அப்படிப் பிறந்தால் தாய்மாமன் உயிருக்கு ஆகாதாம். தீட்டு கழிகிற அன்று கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றி, அதில் தெரியும் முகத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டுமாம்.

"எழுதறதையெல்லாம் பேப்பரோட வெச்சுக்கோ. இந்த வூட்டுக்கு நீ ஒரே பையன்டா" என்றாள் அம்மா. தங்கை அதற்கும் மேல். நான் அந்தப் பக்கம் நடந்தாலே குழந்தையைத் துண்டால் மூடினாள். சரி, இவர்கள் மனது நோக வேண்டாமே என்று... இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெந்நீர் போட்டேன், துணி அலசினேன், கயிறு இழுத்தேன்.

அன்று அம்மா பூண்டு வாங்கச் சந்தைக்குப் போயிருந்தாள். தங்கை பால் கொடுத்துத் தூளியில் போட்டுவிட்டுப் பின்னால் குளிக்கப் போனாள். பயல் வீறிட்டான். இழுத்தேன். இன்னும் வீறிட்டான். சட்டென்று நின்றது.

தூங்கிவிட்டானா? இல்லை... தொண்டையில் ஏதோ அடைத்த மாதிரி ஒரு சத்தம். அப்புறம் அதுவும் இல்லை.

"கொழந்தை சத்தமே காணோம்மா!" என்று தங்கைக்குக் கேட்கும்படி கத்தினேன்.

"நீங்க பாக்காதீங்கண்ணா! இதோ வந்துட்டேன்!"

அவள் வருவதற்குள்? கால் உள்ளே ஓடியது. கண்? சொல்ல வெட்கமாக இருக்கிறது — இறுக மூடிக்கொண்டேன்! பூனைக்காக ஒரு பக்கம் எழுதியவன், கண்ணை மூடிக்கொண்டு தூளிக்குள் துழாவினேன். தலை நிற்காத சின்ன உடம்பு கையில் வந்தது. கன்னமெல்லாம் ஈரம். மூக்கருகே விரலை வைத்தேன். மூச்சு வருகிறதா? ஒன்றும் தெரியவில்லை.

கண்ணைத் திறந்தேன்.

உதடு நீலமாக இருந்தது. மூக்கில் பால். முன்கையில் குப்புறப் போட்டு முதுகில் தட்டினேன். திரிந்த பால் தரையில் விழுந்தது. இன்னும் தட்டினேன். கடவுளே, அழுடா... அழுதான்! அவனை மடியில் போட்டுக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

தலையில் சீயக்காயோடு ஓடிவந்த தங்கை குழந்தையைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்து அழுதாள். "பாத்துட்டீங்களாண்ணா?"

"இல்லம்மா. கண்ண மூடிக்கிட்டுத்தான் தூக்குனேன்."

நம்பினாளா, தெரியாது. அம்மாவிடமும் நான் சொன்னபடியே சொன்னாள்.

நேற்று தீட்டுக் கழித்தார்கள். கிண்ணத்தில் நல்லெண்ணெய். குனிந்தேன். அந்த உதடு இப்போது நன்றாகச் சிவந்திருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஏன்டா அழுவற?" என்றாள் அம்மா.

தங்கை முந்திக்கொண்டாள். "மொதமொதல்ல பாக்குதுல்லம்மா அண்ணன், அதான்!" சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பாமல் குழந்தையின் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பாப்பாரப்பட்டி வாசகர்களே, அம்மா இந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை... நீங்களும் போய்ச் சொல்லித் தொலைக்காதீர்கள்!