பழனிச்சாமி அண்ணன் மாற்றிய டேப்பட் கவர் பேக்கிங்

மண்ணரையில் எங்கள் பனியன் தையல் யூனிட்டை அன்று காலை அப்போதுதான் திறந்திருந்தோம். செல்போனில் கவிதா அழைத்தாள். "சித்தப்பா, அப்பா தூக்கத்துலயே போயிட்டாருங்க" என்றாள். பழனிச்சாமி அண்ணன் என் பங்குதாரர், கட்டிங் மாஸ்டராக இருந்து முதலாளியானவர். கவிதா அவருடைய ஒரே மகள்.

அண்ணனை அறியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தமக்குத் தெரிந்த வேலையை அவர் பிறரிடம் விடமாட்டார். தெரியாத வேலை என்று ஒன்று இருப்பதாகவும் அவர் நம்பியதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், தாராபுரத்தில் கட்டிக்கொடுத்திருந்த கவிதாவைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்துவர வேண்டியிருந்தது. அண்ணனுடைய பழைய காரில், இன்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவரின் ஓரமாக ஆயில் கசிந்து, சூடான சைலன்ஸர் குழாயில் சொட்டிப் புகைந்தது. மாசமாக இருக்கும் பெண்ணுக்கு அந்த நாற்றம் ஆகுமா? வாடகைக் கார் எடுக்கச் சொன்னேன்.

"என்ற புள்ளைய எவனோ வண்டியிலீங்களா கூட்டியாறது? அவ என்ற ஊட்டுக்கு வர்றாளுங்க தம்பி" என்றார்.

யூனிட் வாசலிலேயே பானெட்டைத் திறந்தார். போல்ட்டுகளைக் கழற்றி, மூடிக்கு அடியில் காய்ந்து கல்லாகியிருந்த ரப்பர் பேக்கிங்கைப் பிய்த்தெடுத்தார். இந்த ஊரில் கை துடைப்பதும் மெஷின் துடைப்பதும் பனியன் வெட்டி மிஞ்சும் வேஸ்ட் துணியால்தான். அதில் ஒரு பிடி அள்ளி விளிம்பெல்லாம் துடைத்து, புதிய பேக்கிங்கை உட்காரவைத்து மூடினார். இன்ஜின் சூடானதும் அதே இடத்தில் கசிந்தது.

மறுபடி கழற்றினார். பேக்கிங்குக்கு அடியில் ஒரு நூல் சிக்கி, விளக்குத்திரி போல ஆயிலை வெளியே இழுத்துக்கொண்டிருந்தது. அதை வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்து, "முப்பதாம் நம்பர் நூலுங்க. நம்ம சரக்கேதான்" என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவர் சிரிக்கவில்லை. நல்ல நேரம் முடிவதற்குள் சம்பந்தி வீட்டில் இருக்க வேண்டும்.

யூனிட் முழுக்கத் துணி, பிசிறு விடாத துணிதான் இல்லை. சம்பந்தி வீட்டுக்கென்று போட்டிருந்த புது பாலியஸ்டர் சட்டையைக் கழற்றி, அதாலேயே துடைத்து மூடினார். எக்ஸ்போர்ட்டில் கழிந்த டீ-சர்ட் ஒன்றை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நெஞ்சில் ஒரு கரடிக்குட்டிப் படம். மாப்பிள்ளை வீட்டில் அந்தக் கோலத்தில்தான் விருந்து சாப்பிட்டிருக்கிறார்.

"நாத்தமே வர்லீங்கப்பான்னு புள்ள சொல்லிப்போட்டாளுங்க" என்று மாலையில் யூனிட் முழுக்கச் சொன்னார். அதற்குப் பிறகும் ஆள் கிடைத்தபோதெல்லாம் சொன்னார்.

அவரைக் கிடத்தியிருந்த கூடத்தில் கவிதா என் பக்கம் வந்தாள். "சித்தப்பா, அன்னிக்கு வழி பூரா நாத்தமுங்க. அப்பா கேட்டப்பல்லாம் இல்லீங்கப்பான்னே சொன்னேன். கடைசி வரைக்கும் நெசத்தைச் சொல்லவே இல்லீங்க" என்றாள்.

"அப்பா மூடுனது சரியாத்தான் இருந்துச்சு கண்ணு. மொதல்ல கொட்டுன ஆயிலு குழாயில எரிஞ்ச நாத்தம் அது. அப்புறம் அந்த வண்டி ஒரு சொட்டு கசியலை" என்றேன். உண்மையும் அதுதான்.

அவள் குனிந்து அப்பாவின் காதருகே போனாள். "கசியவே இல்லீங்களாம்ப்பா" என்றாள். அதுவரை எனக்கு அழுகை வரவில்லை.

நிம்மதியாகப் போங்கள், அண்ணா. புள்ள உங்கள் வண்டியில்தான் உங்கள் வீட்டுக்கு வந்தாள்.