பதினைந்து நாள் லீவு

சாக்லேட் டப்பாவில் ஒட்டியிருக்கும் விலைச்சீட்டை நகத்தால் சுரண்டினால் பாதிதான் வரும். மீதிக்குக் கொஞ்சம் தைலம் தடவித் தேய்க்க வேண்டும். இந்த வேலையை நான் இரண்டு முறை செய்திருக்கிறேன், மலாக்கா பாச்சாங்கில் ஒரு சூப்பர்மார்க்கெட் வாசலில், காருக்குள் உட்கார்ந்துகொண்டு. பக்கத்து இருக்கையில் என் தம்பி, அன்று காலைதான் சிறையிலிருந்து வெளியே வந்தவன். மலேசிய ரிங்கிட்டில் விலை போட்டிருந்தால் அந்தச் சாக்லேட் சிங்கப்பூரிலிருந்து வந்தது என்று யார் நம்புவார்கள்?

அவன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான் என்பது அம்மா கட்டிய கதை. மோட்டார் சைக்கிள் திருட்டில் அவன் முதல் முறை உள்ளே போனபோது பக்கத்து வீட்டில் கேட்டார்கள், அம்மா வாயில் அதுதான் வந்தது. புலாவ் செபாங்கில் எங்கள் தாமான் குடியிருப்பில் பாதிப் பேர் ஒரே ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். ஒருவர் வீட்டு விஷயம் அடுப்பு அணைவதற்குள் இன்னொருவர் வீட்டுக்குப் போய்விடும். ஆனால் ஆண்பிள்ளை சிங்கப்பூரில் என்றால் அதற்கு மேல் யாரும் கேட்கமாட்டார்கள். நானும் ஒத்து ஊதினேன். நான் பள்ளிக்கூடத்தில் கேண்டீன் நடத்துகிறவள். தம்பி ஜெயிலில் என்று தெரிந்தால் ஆசிரியர்கள் என் கையால் மீ கோரேங் வாங்கிச் சாப்பிடுவார்களா என்று பயம்.

அந்தக் கதையில் ஒரு ஓட்டை இருந்தது. சிங்கப்பூரிலிருந்து வருகிறவன் லீவில்தான் வருவான். லீவு என்றால் என்றாவது ஒரு நாள் முடிந்தாக வேண்டும்.

"எத்தன நாளு லீவு?" என்று பார்த்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். "பதினஞ்சு நாளு," என்றார் அம்மா. பதினாறாம் நாள் அவனைப் பெட்டியோடு காரில் ஏற்றி மலாக்கா பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டேன். தெருவே வாசலில் நின்று கையசைத்து அனுப்பியது. எங்கே போவாய் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. எங்கள் வீட்டை விட்டால் அவனுக்குக் கதவு திறக்கிறவர்கள் பழைய கூட்டாளிகள் மட்டும்தான். நான்கு மாதத்தில் மறுபடி உள்ளே போனான். அடுத்த முறை வெளியே வந்தபோதும் அதே சாக்லேட், அதே பெட்டி, அதே பஸ் நிலையம். அவன் மூன்றாவது முறை பிடிபட்டபோது, இது திருந்தாத ஜென்மம் என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். எங்கள் பங்கு அதில் இருப்பது எனக்கு உறைக்கவே இல்லை.

மூன்றாவது தடவை நான் ஆறு மாதம் அவனைப் பார்க்கப் போகவில்லை. கோபம். பிறகு அம்மா அழுது அனுப்பினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து டெலிபோனை எடுத்தவன், நலமா என்றுகூடக் கேட்காமல், "அக்கா, நீ ஸ்கூல்ல செஜாரா படிச்சியே, மலாக்கா சுல்தான்களப் பத்தி ஏதாவது ஞாபகம் இருக்கா?" என்றான். சரித்திரப் பாடத்தைப் பற்றி இப்போது ஏன் கேட்கிறான் என்று எனக்குப் புரியவில்லை. உள்ளே வகுப்பு நடக்கிறதாம், பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.முக்குப் பெயர் கொடுத்திருக்கிறானாம்.

"முப்பத்தெட்டு வயசுல எஸ்.பி.எம்.மா? யாருக்குக் காட்டப் போற?" என்றேன். என் வாய் அப்படி.

"யாருக்கும் காட்ட வேணாம்க்கா. கேள்வித்தாளப் படிச்சா புரியுது. அதுவே நல்லாருக்கு."

மலாக்காவில் பிறந்து வளர்ந்தவன் மலாக்கா சரித்திரத்தை ஜெயிலுக்குப் போய்த்தான் படிக்க வேண்டியிருந்தது என்று திரும்பி வரும்போது காரில் தனியாகச் சிரித்தேன். அப்புறம் கொஞ்சம் அழுதேன். அடுத்த மாதத்திலிருந்து போகும்போது ஐந்தாம் படிவத்துப் பிள்ளைகளிடம் கேட்டு நாலு கேள்வியை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். இருக்கும் கொஞ்ச நேரத்தில் டெலிபோனில் கேள்வி கேட்பேன், அவன் பதில் சொல்வான். தப்பாகச் சொன்னால் திட்டுவேன். அவனும் நானும் அத்தனை பேசியது அதற்கு முன் எப்போதும் இல்லை. மலாயும் சரித்திரமும் தேறிவிட்டான். கணக்கில் போய்விட்டது. வெல்டிங்கிலும் ஒரு சான்றிதழ் வாங்கினான்.

அவன் வெளியே வந்த அன்று, பழக்கதோஷம், பாச்சாங்கில் அதே சூப்பர்மார்க்கெட் வாசலில் காரை நிறுத்தினேன். அவன் இறங்கவில்லை. சான்றிதழ் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"இந்த தடவ வேணாம்க்கா. லீவு முடிஞ்சா நான் எங்க போறது?"

காரை மறுபடி கிளப்பினேன். இரண்டு முறை அவனைப் பஸ் நிலையத்தில் விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்தவள் நான்தான்.

வீட்டுக்குப் போகவில்லை. அதே பாச்சாங்கில், பின்தெருவில், இரும்பு கேட்டும் கிரில்லும் செய்யும் ஒரு பட்டறை உண்டு. கேண்டீன் கதவைச் செய்து கொடுத்த சீனத் தவுக்கேதான் அதன் முதலாளி. தம்பியை அவர் முன்னால் நிறுத்தினேன். வெல்டிங் எங்கே படித்தாய் என்று மலாயில் கேட்டார். என் நாக்கு பழக்கத்தில் சிங்கப்பூர் என்று சொல்லத் தயாராகிவிட்டது. தம்பி முந்திக்கொண்டான். "டாலாம் பெஞ்சாரா," என்றான். ஜெயிலுக்குள்ளே.

தவுக்கே ஃபைலைத் திறக்கவே இல்லை. இரண்டு இரும்புத் துண்டை எடுத்துப் போட்டு, ஒட்டு என்றார். ஒட்டியதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாளைக்கு எட்டு மணிக்கு வா என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அம்மாவைத்தான் சமாளிக்க முடியவில்லை. பதினைந்து நாள் போய், இருபது நாள் போய், ஒரு மாதமும் ஆனது. மகன் தினமும் என் பழைய மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறான், சாயங்காலம் சட்டையெல்லாம் பொறிபட்ட ஓட்டையோடு திரும்புகிறான். லீவை நீட்டித்திருக்கிறார்கள் என்று அம்மா சொல்லிப் பார்த்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அம்மா வீட்டுக்குப் போனபோது தம்பி பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தான்.

"அம்மா கொஞ்ச நாளு வெளிய தங்கச் சொல்றாங்க. கேக்கிறவங்களுக்குப் பதில் சொல்ல முடியலியாம்." அவன் முகத்தில் கோபம்கூட இல்லை. "கூட்டாளி ஒருத்தன் ரூம் இருக்குன்னு சொன்னான்."

எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம். பெட்டியை அப்படியே கவிழ்த்தேன். அம்மாவைப் பார்த்துக் கத்தினேன், தெருவுக்கே கேட்டிருக்கும். "ரெண்டு தடவையும் அவன மறுபடி உள்ள அனுப்புனது போலீஸு இல்லம்மா, நீயும் நானும்தான்! பொட்டிய கட்டிக் கொடுத்து அனுப்புனோம்!"

அம்மா குனிந்தார். தரையில் கிடந்த சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்து அலமாரியில் வைத்தார். அதற்குப் பிறகு பத்து நாள் என்னோடு பேச்சு இல்லை.

பதினோராம் நாள் கேண்டீனுக்கு வந்தார். கையில் ஒரு விண்ணப்பப் பாரம். எங்கள் மாரியம்மன் கோவிலில் வருஷா வருஷம் திருவிழாவின்போது எஸ்.பி.எம். எழுதிய பிள்ளைகளை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்துவார்கள். அதற்குப் பெயர் கொடுக்கும் பாரம்.

"எழுது," என்றார்.

தம்பி பெயரை எழுதினேன், வயதை எழுதினேன். அடுத்தது பள்ளியின் பெயர். சின்ன வயதில் அவன் பாதியில் விட்ட பள்ளியை எழுதட்டுமா என்று கேட்டேன்.

"அங்க எங்க படிச்சான்? சுத்திக்கிட்டுல்ல இருந்தான். ஜெயில்லதான படிச்சான். அதையே எழுது."

கோவில் மண்டபத்தில் அந்தச் சாயங்காலம் நல்ல கூட்டம். பதினெட்டு வயதுப் பிள்ளைகள் வரிசையில் நிற்க, அவர்கள் நடுவே நரை விழுந்த தலையோடு என் தம்பி. வேண்டாம் என்று இரண்டு நாள் மல்லுக்கட்டியவன், அம்மா இஸ்திரி போட்டு வைத்த சட்டையைப் பார்த்த பிறகுதான் கிளம்பினான். கோவில் செயலாளர் மைக்கில் அவன் பெயரைப் படித்தார். பள்ளி என்ற இடத்துக்கு வந்ததும் நின்றார். தலைவரைப் பார்த்தார். தலைவர் தலையாட்டினார். "சிறைச்சாலை," என்று படித்தார்.

மண்டபம் கைதட்டலில் அதிர்ந்தது என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. சிலர் தட்டினார்கள், சிலர் பக்கத்தில் இருப்பவர் காதில் குனிந்தார்கள். பாதிப் பேருக்கு முன்பே தெரிந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். தம்பி பொன்னாடையை வாங்கிக்கொண்டு வேகமாக இறங்கி வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தான். வியர்த்துக் கொட்டியிருந்தது. அம்மா தன் முந்தானையால் அவன் கழுத்தைத் துடைத்தார்.

சாப்பாட்டுப் பந்தியில் எங்களுக்கு எதிரே ஒரு பெண் வந்து உட்கார்ந்தார். நாலு வீடு தள்ளி இருப்பவர். அவருடைய ஒரே மகன் மூன்று வருஷமாகக் கப்பலில் வேலை பார்க்கிறான் என்று தாமானில் எல்லோருக்கும் தெரியும். அவர் இலையில் கை வைக்கவில்லை. சுற்றிலும் ஒரு முறை பார்த்துவிட்டு அம்மா பக்கம் குனிந்தார்.

"அக்கா, எம்மவன் கப்பல்ல இல்லக்கா. அவனும் உள்ளதான் இருக்கான். அங்க படிக்கணும்னா யாருகிட்டக்கா பேரு கொடுக்கணும்?"

அம்மா தம்பியைப் பார்த்தார். அவன் சாம்பாரில் பிசைந்த கையோடு நிமிர்ந்தான்.

"எது வரைக்கும் படிச்சிருக்கான், அக்கா?"

"ஃபார்ம் த்ரீயோட நின்னுட்டான் தம்பி."

"நான் ஃபார்ம் டூ. என்னவிட ஒரு வருஷம் கூடப் படிச்சிருக்கான்லா," என்றான் தம்பி. "சாப்பிடுங்க. சாப்பிட்டுட்டு எழுதித் தரேன்."