நயினார் வீட்டு அமெரிக்கக் கடிகாரம்

“பனிக்கு ஒரு தபா, வெயிலுக்கு ஒரு தபா. அமெரிக்காக்காரன் மணிய மாத்தறப்ப மட்டும் நானும் மாத்துவேன். அதுக்கு மேல அந்த முள்ளுல கை வச்சேன்னா என் பேரு சந்திரநாதன் இல்ல!”

செவிலிமேட்டு அரிசி மண்டிக்காரர் சந்திரநாத நயினார் இதைச் சொல்லும்போது, வேட்டி நுனியால் கடிகாரக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார். கூடத்துச் சுவரில் இரண்டு கடிகாரங்கள். ஒன்று நம் ஊர் மணி. அது தாமதமாகத்தான் ஓடும், யாருக்கும் கவலையில்லை. மற்றது மகள் ஸ்ரேயா இருக்கும் அமெரிக்க மாநிலத்து மணி. அது ஒரு நொடி பிசகினால் வீட்டில் சோறு இறங்காது.

ஸ்ரேயா அங்கே கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். மாதத்தில் ஒரு சனி ஞாயிறு மட்டும் அந்த மாநிலக் காவற்படையில் சிப்பாய். தண்ணீரைத் துணியில் வடிகட்டி, துணியில் தங்கிய பூச்சியையும் பத்திரமாகக் கிணற்றுக்கே திருப்பி அனுப்பும் சமண வீடு அது. அங்கிருந்து ஒரு துப்பாக்கி. நயினாருக்கு இதில் குழப்பமே கிடையாது. “அட்டை பொம்மைய சுடறது ஹிம்சையில சேராதுப்பா. வெள்ளம் வந்தா மணல் மூட்டை அடுக்கற படை அது. மாநில எல்லைய தாண்டாது. நம்ம டவுன் பஸ்சு என்னிக்காவது டில்லி போயிருக்குதா?”

தினமும் விடியற்காலையில் மகளிடமிருந்து போன் வரும். அங்கே அப்போது முந்தின நாள் மாலை. நயினாரின் முதல் கேள்வி மாறாது: “பொழுது சாயறதுக்குள்ள சாப்ட்டியாமா?” இருட்டிய பிறகு சாப்பிடாத குலம். பட்டாளத்திலும் அந்த ஒழுங்கை அவள் விடவில்லை என்பதில் அவருக்குத் தனிப் பெருமை.

இந்தப் பெருமையில் மண்ணைப் போட டீக்கடை துரைக்கண்ணு தவறுவதில்லை. அவர் ஊர்க்காவல் படையில் இருந்தவர். “நானும் கருட சேவைக்கு கயிறு புடிக்கத்தான் சேந்தேன் நயினாரே. எலெக்‌ஷன்னு சொல்லி ஆந்திராவுல கொண்டுபோயி எறக்கிட்டானுங்கோ. அங்க துன்ன கோங்குரா ஊறுகா, வயிறு இன்னும் எரிஞ்சிக்கினு இருக்குது.”

“யோவ், அங்க சட்டம் வருதுய்யா!”

வரத்தான் இருந்தது. நாடாளுமன்றம் முறைப்படி போர் என்று அறிவிக்காதவரை மாநிலப் படையைக் கடல் கடத்தக் கூடாது என்று அந்த மாநிலச் சட்டசபையில் ஓர் உறுப்பினர் மசோதா கொண்டுவந்தார். அவர் பெயர் அவருடைய தொகுதிக்குத் தெரியுமோ என்னவோ, செவிலிமேட்டுக்குத் தெரியும். நயினார் அவருக்கு மின்னஞ்சல் அனுப்பினார். ‘அன்புள்ள வாக்காளரே’ என்று இயந்திரம் பதில் போட்டது. அன்றிலிருந்து நயினாரின் நடையில் ஒரு வாக்காளரின் மிடுக்கு. மூட்டை தூக்குகிறவரை நிறுத்தி, மூட்டையை இறக்கவும் விடாமல், மசோதா கடக்கவேண்டிய படிகளை விளக்கினார்.

ஸ்ரேயாவின் பிரிவை வளைகுடாப் பக்கம் அனுப்பப்போவதாகப் பேச்சு இருந்தது. மசோதா தேறினால் அவள் மூட்டை அடுக்குவாள். தேறாவிட்டால்? அந்த வாக்கியத்தை நயினார் முடித்து நான் கேட்டதில்லை.

மசோதா தேறவில்லை. தோற்கவும் இல்லை, தோற்றிருந்தால் திட்டுவதற்காவது ஆள் கிடைத்திருக்கும். மசோதாவைப் பரிசீலித்த குழுவின் தலைவர் ‘பிறகு பார்க்கலாம்’ என்றார், எல்லாரும் சாப்பிடப் போனார்கள். நயினார் சாப்பிடவில்லை. மனைவி குணமாலாவிடம், “இன்னிக்கு உபவாசம்” என்றார். சமண வீட்டில் இது ஒரு வசதி. துக்கத்தை விரதம் என்று சொல்லிவிடலாம்.

சில நாளில் விடியற்காலை போன் நின்றுபோனது. “கேம்ப்புல சிக்னல் இல்லியாம்” என்றார் நயினார், குணமாலா கேட்காமலே.

மார்கழி முடியும் சமயம், அரிசிக்குச் சொல்ல ஒரு மாலை போயிருந்தேன். குணமாலா திருப்பருத்திக்குன்றம் கோயிலுக்குப் போயிருந்தார். இங்கே நன்றாக இருட்டிவிட்டது. அமெரிக்கக் கடிகாரத்தில் காலை எட்டு. போன் அடித்தது.

“எங்கம்மா இருக்கற?”

“சொல்லக் கூடாதுப்பா.”

“சரி, சொல்லாத.” அடுத்த கேள்விக்கு வாய்ப் பழக்கம் கைகொடுத்தது. “பொழுது சாயறதுக்குள்ள சாப்ட்டியா?”

“இப்பதான் முடிச்சேம்ப்பா. சூரியன் எறங்கிக்கினு இருக்குது. அம்மா கிட்ட…” என்பதோடு துண்டித்துப்போனது.

நயினார் சுவரைப் பார்த்தார். காலை எட்டு. என்னைப் பார்த்தார். பொன்னியா, பச்சரிசியா என்று கேட்டார், பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். அமெரிக்கக் கடிகாரத்தைக் கழற்றி, பின்னாலிருந்த திருகைப் பிடித்து, முள்ளை மெல்லச் சுற்றி, மாலை ஐந்தில் நிறுத்தி மாட்டினார்.

வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம். “ஏங்க, ஸ்டூல் மேல என்னா பண்றீங்க?”

“பேட்டரி தீந்துடுச்சும்மா” என்றார் நயினார், வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்தபடி.